ஏழாம் பாத்தியில் விளைந்த கருத்துகள்

ஆலந்தருவை உப்பளத்தில் எழுத்து விளைந்த வருஷத்தை அந்த ஊரில் யாரும் நம்பர் போட்டுச் சொல்வதில்லை. ஏழாம் பாத்தி பேசிய வருஷம் என்பார்கள், கேட்டவருக்குப் புரிந்ததா என்று நின்று பார்க்கவும் மாட்டார்கள். அந்த வருஷம் பங்குனி பிறந்து நாலாம் நாள் காலை, வெயில் இன்னும் கண்ணைக் குத்த ஆரம்பிக்காத நேரத்தில், தங்கபுஷ்பம் உப்பு வாருகிற பலகையைத் தோளில் சாத்திக்கொண்டு வரப்போடு வந்தபோது, மற்ற பாத்திகளிலெல்லாம் உப்பு எப்போதும் போலப் பரவிக் கிடக்க, ஏழாம் பாத்தியில் மட்டும் அது வரி வரியாக, இடம் விட்டு இடம் விட்டு, மேலே நாலு வரியும் கீழே தனியாக ஒரு வரியுமாக எழுத்தாய்ப் படிந்து கிடந்தது.

தங்கபுஷ்பத்துக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எழுத்தைக் கண்டால் எழுத்து என்று தெரியும். அவள் பயப்படவில்லை. முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள் அவள், உப்பு என்னென்ன செய்யும் என்று அறிந்தவள். அது காலைத் தின்னும், கண்ணைத் தின்னும், கைரேகையைத் தின்னும், ரேஷன் கடை மிஷினில் எத்தனை தரம் பெருவிரலை அழுத்தினாலும் இது யாருடைய விரலும் இல்லை என்று மிஷின் திருப்பி அனுப்பும். இத்தனை வருஷம் இத்தனை பேருடைய ரேகையைத் தின்ற உப்பு என்றைக்காவது ஒருநாள் எதையாவது எழுதத்தானே செய்யும் என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணாச்சி," என்று கங்காணி தவசிமுத்துவைக் கூப்பிட்டாள். "ஏழாம் பாத்தியில என்னமோ எழுதிக் கெடக்கு. வாரட்டுமா, விடட்டுமா?"

தவசிமுத்து வந்து, யாராவது இறங்கிய காலடி தெரிகிறதா என்று பாத்தியைச் சுற்றி நடந்து பார்த்தார். ஒரு காலடியும் இல்லை.

"தானா விளைஞ்சிருக்கு. விளைஞ்சத வாரத்தான செய்யணும்? ஆனா வாசிச்சுட்டு வாருவோம். ஏதும் நோட்டீஸா இருந்து, நாம பாட்டுக்கு வாரி அம்பாரத்துல கொட்டிட்டம்னா, நாளைக்கு நம்மளத்தான் கூப்பிட்டுக் கேப்பாவ," என்றார்.

எழுத்து இங்கிலீஷாக இருந்ததால் பஸ் ஸ்டாப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எட்வினை வரச்சொன்னார்கள். அவன் பைக்கை வரப்போரம் நிறுத்திவிட்டு, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து மனசுக்குள் ஒரு தரம் வாசித்துக்கொண்டு, பிறகு தமிழில் சொன்னான்.

"'முன்கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ரொம்பச் சின்னது. நாற்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. முதல் கதையை விளையாடாதவர்களுக்கு இது புரியாது.' அவ்வளவுதான். கீழ ஒரு பேரு, பேருக்குப் பொறத்தால நாலு நம்பர்."

"என்னடே முன்கதை? யாரு விளையாடுனது?" என்றார் தவசிமுத்து.

எட்வின் தங்கபுஷ்பத்தைப் பார்த்தான், பிறகு தன் செருப்பைப் பார்த்தான். "சித்தி, இது ஒங்க மக செஞ்ச விளையாட்டப் பத்தி. நேத்துதான் இதே வரிய போன்ல பாத்தேன்."

தங்கபுஷ்பத்துக்கு இரண்டு மகள்கள். இளையவள் பிரம்மசக்தி உயிரோடு இல்லை. அதனால் எந்த மகள் என்று யாரும் கேட்கவில்லை.

மூத்தவள் சந்தனமாரிக்கு இருபத்தாறு வயசு. வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வெளியூர்க் கம்பெனிகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிறாள் என்பது வரைக்கும் ஊருக்குத் தெரியும், அம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். மிச்சத்தை எட்வின்தான் வரப்பில் நின்று விளக்கினான். விஷுவல் நாவல் என்று ஒன்று உண்டு. திரையில் படம் வரும், படத்துக்குக் கீழே பேச்சு வரும், தட்டித் தட்டி வாசித்துக்கொண்டே போக வேண்டும், நடுநடுவே இரண்டு வழி காட்டி எதில் போகிறாய் என்று கேட்கும். சினிமா மாதிரிதான், ஆனால் நம்மையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும். சந்தனமாரி இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'காயாத துணி' என்று ஒன்று செய்து இன்டர்நெட்டில் விட்டாள். ஒரு வீட்டுக் கொடியில் பல வருஷமாக ஒரு பச்சைப் பாவாடை கிடக்கிறது, அந்த வீட்டு ஆட்கள் அதைத் தொடாமல் குனிந்து குனிந்து போகிறார்கள், அதுதான் கதை. ஊர் பேர் தெரியாத தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் அதை விளையாடிவிட்டு, அந்தப் பாவாடை யாருடையது, அதற்கு முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று விடாமல் கேட்டார்கள். அதற்காக இப்போது மாசிக் கடைசியில் அவள் ஒரு சின்ன முன்கதை விட்டிருக்கிறாள். பேர் 'மழைக்கு முந்தி'.

தங்கபுஷ்பத்தின் வீட்டுக் கொடியில் ஆறு வருஷமாக ஒரு பச்சைப் பாவாடை கிடக்கிறது. அவள் பாத்தியில் இறங்கி, முதல் வரியிலிருந்து தொடங்கி வாரினாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது நிற்கவில்லை. உலகத்தின் எந்த மூலையில் எவர் அந்த முன்கதையை முடித்துவிட்டு இரண்டு வரி கருத்து எழுதினாலும் மறுநாள் விடியும்போது அது ஏழாம் பாத்தியில் விளைந்து கிடந்தது, சில நாள் ஒன்று, சில நாள் நெருக்கியடித்துக்கொண்டு ஐந்தாறு. தவசிமுத்து எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்கிற ஆள், ஆகவே காலை ஏழு மணிக்கு வாசிப்பு, ஏழே காலுக்கு வாருதல் என்று வைத்தார். எட்வின் கடையைத் தாமதமாகத் திறக்க ஆரம்பித்தான். தெரியாத மொழி வந்தால் போனை நீட்டிப் பிடித்து அதையே தமிழில் சொல்ல வைத்தான். பனி கொட்டுகிற தேசத்துக்காரர் ஒருவர், படத்தில் வந்த உப்பளத்தைப் பனி என்று நினைத்துவிட்டேன், பெண்கள் ஏன் வெறும் கையோடு பனியை அள்ளுகிறார்கள் என்று கவலைப்பட்டேன் என்று எழுதியிருந்தார். பெண்கள் அன்று பொழுதெல்லாம் "பனியாம்ல, பனி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். வேறொருவர் மழைச் சத்தம் இனிமை என்று எழுதியிருந்தார், அதைக் கேட்டு ஒருத்தியும் சிரிக்கவில்லை, உப்பளத்துக்காரிக்கு மழையில் என்ன இனிமை.

சிலர் கருத்தோடு நட்சத்திரமும் கொடுத்திருந்தார்கள். உப்புக்குச் சதுரம்தான் தெரியும், அதனால் நட்சத்திரங்கள் ஐந்துக்கு இத்தனை என்று பெரிய சதுரக் கல்லாக வந்து உட்கார்ந்தன. மூன்று மட்டும் இருக்கிற நாளில் பக்கத்துப் பாத்தி பேச்சியம்மா பலகையை ஓங்கி ஓங்கிப் போட்டு வாருவாள். "மூணா? இன்னும் ரெண்டு குடுத்தா இவன் சொத்து என்ன கொறஞ்சா போகும்? நம்ம பிள்ள கண்ணு முழிச்சு வரஞ்சத எங்கனயோ இருந்துக்கிட்டு நொட்ட சொல்லுதான் பாரு," என்பாள். முன்கதை என்றால் என்ன என்று அவளுக்கு அதுவரை தெரியாது, இனிமேலும் தெரிந்துகொள்வதாக இல்லை, ஆனால் அதைக் குறை சொன்னவனை அவள் மன்னிக்கத் தயாராக இல்லை.

உப்பு என்றால் அது உலைக்குத்தானே போகும். முதல் வாரம் எல்லாவற்றையும் ஒரே அம்பாரத்தில் குவித்ததில் ஊர் கொஞ்சம் தடுமாறிப்போனது. ரொம்பச் சின்னது என்ற கருத்து விளைந்த உப்பைப் போட்டுச் சால்னா வைத்த அன்று, பரோட்டாக் கடையில் சாப்பிட்டவர்கள் வயிறு நிறைந்தும் தட்டைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், ஆரம்பிக்கும் முன்னே முடிந்துவிட்ட மாதிரி இருந்ததாம். புது மருமகளுக்குக் கண்ணேறு கழிக்க உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்ட வீட்டில், உப்பு படபடவென்று வெடித்து, இசை இன்னும் கொஞ்சம் மெதுவாக இருந்திருக்கலாம் என்று சொன்னது. மாமனார் உடனே எழுந்து போய் வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு வந்தார். இதையெல்லாம் பார்த்துத் தவசிமுத்து பாராட்டு ஒரு அம்பாரம், குறை ஒரு அம்பாரம், அழுகை ஒரு அம்பாரம் என்று மூன்றாகப் பிரித்தார். படித்து முடித்து அழுதேன் என்று எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருந்தார்கள். அந்த உப்புக்குத்தான் கிராக்கி. அண்ணன் செத்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாய் உறைந்துபோயிருந்த ஒருவருக்காகப் பக்கத்து ஊரிலிருந்து வந்து ஒரு கை வாங்கிப்போனார்கள். அவர் கஞ்சியில் அதைப் போட்டுக் குடித்து மத்தியானம் வரைக்கும் அழுதுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேலைக்குப் போனார் என்று சொன்னார்கள்.

தங்கபுஷ்பம் அந்த உப்பைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கடையில் பாக்கெட் வாங்கினாள். ஆனால் தினமும் ஏழு மணிக்கு வரப்பில் முதல் ஆளாக நின்றாள். மகள் செய்ததை மகளிடம் கேட்காமல், ஊர் பேர் தெரியாதவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டாள். ஒருவர் பாவாடையின் பச்சையைப் பற்றி எழுதினார். ஒருவர் அக்காவும் தங்கச்சியும் ஒரே சீப்புக்காகச் சண்டை போடுகிற இடத்தில் சிரித்தேன் என்று எழுதினார். ஒருவர் முறுக்கு டப்பாவைப் பார்த்துவிட்டு, அந்தத் தின்பண்டத்தின் பெயர் என்ன, எங்கே கிடைக்கும் என்று எழுதினார். டப்பா அவள் வீட்டு டப்பா, பக்கவாட்டில் ஒடுங்கியது. சீப்பு அவள் வீட்டுச் சீப்பு, இரண்டு பல் உடைந்தது. அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் பிரம்மசக்தி நடமாடுகிறாள், பேசுகிறாள், முறுக்குத் தின்கிறாள், தினமும் யார் யாரோ அவளைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போனால் அம்மாவும் மகளும் கேஸ் தீர்ந்ததையும் தண்ணீர் வராததையும்தான் பேசிக்கொண்டார்கள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் சக்தி என்ற பேரை யாரும் சொன்னதில்லை. சந்தனமாரி அந்த ஆறு வருஷமும் அளத்துப் பக்கம் கால் வைத்ததும் இல்லை.

சித்திரை இரண்டாம் வாரம் ஒருநாள், பாத்தியின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு வரைக்கும் நிறைத்துக்கொண்டு ஒரே கருத்து விளைந்து கிடந்தது. எட்வின் மனசுக்குள் வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இது சும்மா வளவளன்னு இருக்கு சித்தி. இன்னைக்கு இப்படியே வாரிருங்க."

"வாசி," என்றாள் தங்கபுஷ்பம்.

"வேண்டாம் சித்தி."

"எவ்வளவு பெரிசா எழுதியிருக்காவ. எழுதுனவங்க கை வலிச்சிருக்கும்லா. வாசிப்பா."

எட்வின் தலையைத் தூக்காமல் வாசித்தான்.

"'இந்த முன்கதையில் எல்லாவற்றுக்கும் முகம் இருக்கிறது. பூனைக்கு இருக்கிறது. தெருவில் போகிற மீன்காரருக்கு இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் முகம் இல்லை. அடுப்படியிலிருந்து ஆவி வருகிறது, அந்த ஆவிக்குள்ளிருந்து, யாராவது ஒருத்தி போங்கடி என்று ஒரு குரல் வருகிறது. உடனே நம்மிடம் இரண்டு வழி கேட்கிறார்கள். நான் போறேன். நீ போ. விளையாட்டில் நான்தான் அக்கா, ஆகவே நான் போறேன் என்பதை அழுத்தினேன். அப்போதும் தங்கச்சிதான் கிளம்பிப் போகிறாள். முதலிலிருந்து மறுபடி விளையாடி மற்றதை அழுத்தினேன். அப்போதும் அவள்தான் போகிறாள். எதை அழுத்தினாலும் ஒன்றுதான் நடக்கும் என்றால் எதற்கு நம்மைக் கேட்க வேண்டும்? மற்ற இடமெல்லாம் உண்மை. இந்த ஒரு இடத்தில் இதைச் செய்தவர் பொய் சொல்கிறார். எதையோ பார்த்துப் பயப்படுகிறார்.'"

பேச்சியம்மா கூட வைவதற்கு வாயெடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே நின்றவர்களில் அந்த நாளைப் பார்க்காதவர் யாரும் இல்லை.

ஆலந்தருவையில் ஒரு வழக்கம் உண்டு. கோடையில் திடீரென்று வானம் இருட்டினால், மழை விழும் முன்னே அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடியாக வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதப் பாடு அரை மணி நேரத்தில் கரைந்து ஓடிவிடும். அதற்கு வீட்டுக்கு ஒருத்தர் ஓட வேண்டும். யார் என்ற கேள்வி கிடையாது. ஆணோ பெண்ணோ, பெரியவரோ சிறியவரோ, அந்த வீட்டிலிருந்து ஒரு தலை வரப்பில் தெரிந்தால் போதும். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு அப்படி இருட்டியது. தங்கபுஷ்பத்தின் வீட்டிலிருந்து பத்தொன்பது வயசு பிரம்மசக்தி ஓடினாள். உப்பளத்தில் மரம் கிடையாது, கூரை கிடையாது, கண்ணுக்கு எட்டிய மட்டும் நிமிர்ந்து நிற்பது மனுஷர் மட்டும்தான். ஏழாம் பாத்திக்கு நேரே இருந்த அம்பாரத்தின் மேல் ஏறி நின்று தார்ப்பாயின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தபோது இடி இறங்கியது. கீழே கயிறு பிடித்து நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்பும் நனையவில்லை, அதற்குள் மூடிவிட்டார்கள்.

தங்கபுஷ்பம் பலகையை வரப்பில் வைத்தாள். "அண்ணாச்சி, நான் வீட்டுக்குப் போறேன்," என்றாள். முப்பது வருஷத்தில் அவள் பாதி வேலையில் வீட்டுக்குப் போனது அன்றுதான்.

சந்தனமாரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் அதே கருத்துதான் திறந்து கிடந்தது. ஏழாம் பாத்தி பேசுவது அவள் காதுக்கும் எட்டியிருந்தது, அம்மா காலில் உப்போடு அப்படியே உள்ளே வந்து நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"எனக்கு ஏன் மூஞ்சி வரையல?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"மூஞ்சி வரஞ்சா அந்தச் சொல்லு ஒன் வாயில இருந்து வரும்மா. ஆவிக்குள்ள இருந்து வந்தா யாரு சொன்னதுன்னு இருக்காதுல்ல."

"எந்த ஆவி?"

"அடுப்புல சோறு கொதிச்சுதுல்லம்மா. அதனாலதான ஒன்னால போக முடியல."

"அன்னைக்கு அடுப்பு எரியலட்டி," என்றாள் தங்கபுஷ்பம். ஆறு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், விலை சொல்கிற குரலில். "மத்தியானமே சோறு வடிச்சு இறக்கியாச்சு. முட்டு வலிக்குன்னு செவுத்துல சாஞ்சு கால நீட்டி உக்காந்திருந்தேன். எந்திரிச்சா போயிருக்கலாம். ரெண்டு பொம்பளப் பிள்ளைய பெத்து வச்சுக்கிட்டு நான் எதுக்கு எந்திரிக்கணும்னு இருந்தேன். நீ என்னமோ எனக்கு அடுப்ப பத்த வச்சு விட்டிருக்க."

சந்தனமாரி அழ ஆரம்பித்தாள். "நானும் 'நான் போறேன்'னு சொல்லலம்மா. அது நானா போட்டது. காதுல ஹெட்போன் இருந்துச்சு, பாட்டு ஓடல. நீ சொன்னது நல்லாக் கேட்டுச்சு. கேக்காத மாதிரி இருந்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பாட்டு ஓடுனா நீ தலைய ஆட்டுவ. அடுப்படியில இருந்து பாத்தா நீ தெரியுவ. அன்னைக்கு நீ ஆட்டல." தங்கபுஷ்பம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். "காட்டு. ஊரு ஒலகமெல்லாம் பாத்தாச்சு, நான் பாக்கேன்."

கம்ப்யூட்டரில் விரலால் தடவுகிற இடம் அவள் விரலைக் கண்டுகொள்ளவில்லை, ரேஷன் மிஷின் மாதிரியே அதற்கும் அவள் யாரோ. மகள் மௌஸை எடுத்துக் கையில் கொடுத்து, வருகிற பேச்சையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். சீப்புக்குச் சண்டை வந்தது. மீன்காரர் போனார். பூனை தூங்கியது. பிரம்மசக்தி ஒடுங்கிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நிஜத்தில் எப்படி இருந்தாளோ அப்படியே, இடது கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு முறுக்குத் தின்றாள். தங்கபுஷ்பம் அந்த இடத்தில் மௌஸைத் தட்டாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள், தட்டினால்தான் கதை நகரும் என்று தெரிந்துகொண்டதால்.

பிறகு தட்டினாள். ஆவி வந்தது, குரல் வந்தது, இரண்டு வழி வந்தது. ஒன்றை அழுத்தினாள். பிரம்மசக்தி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, திரும்பிப் பார்த்து, "அக்கா, வந்து மிச்ச முறுக்க எண்ணிப் பாப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அது அன்றைக்கு அவள் நிஜமாகச் சொன்னது. முதலிலிருந்து ஆரம்பித்து மற்றதை அழுத்தினாள். பிரம்மசக்தி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

"ரெண்டுலயும் ஒரு பிள்ளதான் போகுது," என்றாள் தங்கபுஷ்பம். "மூணாவது ஒண்ணு வை."

"மூணாவதுன்னா?"

"'அம்மா போறா'ன்னு வை."

"அது நடக்கலயேம்மா."

"நீ 'நான் போறேன்'னு சொன்னது மட்டும் நடந்துச்சா? ஒனக்கு ஒண்ணு வச்சேல்லா, எனக்கும் ஒண்ணு வை. அடுப்ப அமத்து. என் மூஞ்சிய வரை."

ஒன்பது நாள் வரைந்தாள். மத்தியானம் அளத்திலிருந்து வந்ததும் தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள், சந்தனமாரி எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைவாள். "சிரிக்கவா?" என்று கேட்டாள் அம்மா முதல் நாள். "வேண்டாம்மா. அன்னைக்கு இருந்த மாதிரி இரு." அன்றைக்கு எப்படி இருந்தோம் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வருஷத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஒன்பது நாளில்தான், பார்ப்பது அவ்வளவு லேசாகவும் இல்லை. அந்த நாட்களிலும் ஏழாம் பாத்தியில் யார் யாருடைய கருத்தோ விளைந்துகொண்டேதான் இருந்தது, ரொம்பச் சின்னது, ரொம்பச் சின்னது என்று, பத்தில் ஆறு பேர் அதைத்தான் சொன்னார்கள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை தங்கபுஷ்பம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து மௌஸைப் பிடித்தாள். இந்தத் தடவை ஆவி இல்லை. அடுப்படியில் சுவரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், சோர்ந்த முகம், அசந்த முகம், கெட்ட முகம் இல்லை. யாராவது ஒருத்தி போங்கடி என்று அவள் வாய் சொன்னது. மூன்று வழி வந்தது. சந்தனமாரி வாசித்துக் காட்டும் முன்னே தங்கபுஷ்பம் கடைசியில் இருந்ததை அழுத்தினாள்.

அந்தப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இருங்கட்டி, நானே போறேன்," என்று சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். வாசல் கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. பிறகு இரண்டு பெண்களும் டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு முறுக்குத் தின்றார்கள். மழை பிடித்தது. கடைசி முறுக்குக்குச் சண்டை வந்து, இரண்டாக உடைத்து, பெரிய துண்டு யாருக்கு என்று அதற்கும் சண்டை வந்து, பிரம்மசக்தி பெரியதை வாயில் போட்டுக்கொண்டு கன்னம் உப்பச் சிரித்தாள். அதோடு திரை இருட்டியது. எல்லாம் சேர்த்து நாலு நிமிஷம்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாள் சந்தனமாரி.

தங்கபுஷ்பம் எழுந்து கொல்லைக்குப் போய், கொடியில் ஆறு வருஷமாக ஒரே பக்கமாகக் கிடந்த பச்சைப் பாவாடையை மறுபக்கம் திருப்பிப் போட்டுவிட்டு வந்து, உலை வைத்தாள். சந்தனமாரி அந்த மூன்றாவது வழியை இன்டர்நெட்டில் விடவில்லை. அது அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தது, அதை விளையாடியவள் அந்த ஒருத்திதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வரப்பில் கூடியவர்கள் பாத்தியைப் பார்த்தார்கள். எழுத்து இல்லை, வரி இல்லை, நட்சத்திரம் இல்லை. ஏழாம் பாத்தி முழுக்க ஒரே ஒரு பெருவிரல் ரேகை விளைந்து கிடந்தது, வளைந்து வளைந்து உள்ளே போய் நடுவில் சுழித்து, ஒரு இழை குறையாமல், எந்த உப்பும் தின்னாத ரேகையாக.

"யாத்தா," என்றாள் பேச்சியம்மா மெதுவாக. "இதக் கொண்டுபோயி அந்த மிஷினுக்குக் காட்டணும்."

தவசிமுத்து எட்வினைப் பார்த்தார். எட்வின் போனை எடுத்து, நீட்டிப் பார்த்து, திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "எழுத்தே இல்ல அண்ணாச்சி. இத எப்படி வாசிக்க?"

"நான் வாசிக்கேன்," என்றாள் தங்கபுஷ்பம்.

அவள் தனியாக வரவில்லை. ஆறு வருஷம் கழித்து அளத்துக்கு வந்திருந்த சந்தனமாரி, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். தங்கபுஷ்பம் எட்வின் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் போய் நின்றாள். பாத்தியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"நல்லாருக்கு. ஆனா ரொம்பச் சின்னது. பத்தொம்பது வருசத்துல முடிஞ்சிருச்சு."

சந்தனமாரி செருப்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள், அம்மா அசையாமல் நின்றுகொடுத்தாள். ஏழே கால் தாண்டி, வெயில் ஏறி, அந்த ரேகையின் ஒவ்வொரு வரியும் கண் கூசுகிற வெள்ளையாக ஆகிவிட்டது. நேரம் தவறாத தவசிமுத்து அன்றைக்கு நேரம் சொல்லவில்லை. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எந்த அம்பாரத்துலம்மா போட?" என்று மட்டும் கேட்டார்.

"இது வீட்டுக்கு, அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள். பேச்சியம்மா தன் பலகையைச் சந்தனமாரியிடம் கொடுத்தாள். அம்மா ஒரு கோடியிலிருந்தும் மகள் மறு கோடியிலிருந்தும் வார ஆரம்பித்தார்கள்.